முன்னை முறைமை: ஒரு பிரெஞ்சுச் சொல்லும் அதன் பொருளும்

முன்னுரை

மொழிபெயர்ப்பு வகுப்பில் ஒருநாள் பிரெஞ்சுப் புரட்சி பற்றிய பகுதியொன்றை மாணவரிடம் தந்து தமிழாக்கி வருமாறு பணித்திருந்தோம். அப்பகுதியில் 'ஆன்சியன் ரெஜீம்' என்னும் தொடர் இரண்டு மூன்று இடங்களில் பயின்று வந்தது. மாணவருள் பெரும்பாலோர் 'பழைய ஆட்சி' என்று எழுதினர். சிலர் 'கொடுங்கோலாட்சி' என்றனர். ஒருவர் மட்டும் அவ்விடங்களை வெறுமையாக விட்டிருந்தார். காரணம் வினவினோம். "ஐயா, அந்த ஆட்சியில் வாழ்ந்தவர்கள் அதனைப் பழைய ஆட்சி என்று சொல்லியிருக்க மாட்டார்களே. பிறகு அது யார் வைத்த பெயர்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவிற்கு முறையான விடை காணும் முயற்சியாகவே இக்கட்டுரை அமைகிறது. இத்தொடரின் சொற்பொருள், அது சுட்டும் சமுதாய அமைப்பு, அவ்வமைப்பு நிலைத்து நின்றமைக்கும் வீழ்ந்தமைக்கும் உரிய காரணங்கள், வீழ்ந்த பின்னும் எஞ்சியவை ஆகியவற்றை முறையே காண்போம்.

சொல்லும் பொருளும்

மாணவரின் ஐயம் சரியானதே. பதினாறாம் லூயி மன்னர் அரியணை ஏறிய 1774ஆம் ஆண்டில், தாம் ஒரு 'பழைய' அமைப்பில் வாழ்வதாகப் பிரெஞ்சு மக்கள் எண்ணியதில்லை. தந்தையும் பாட்டனும் வாழ்ந்த வாழ்வையே தாமும் வாழ்வதாகக் கருதினர். 1789இல் புரட்சி எழுந்தபோது, தாம் விட்டு நீங்கிய அமைப்பைச் சுட்ட அம்மக்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அத்தேவையை ஒட்டியே இத்தொடர் வழக்கில் நிலைபெற்றது. எனவே இது நீங்கியோர் வைத்த பெயர். உள்ளே வாழ்ந்தோர் வைத்த பெயரன்று.

தொடரின் முதற்சொல்லாகிய 'ஆன்சியன்' என்பதன் பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்து வேறுபடும். பெயர்ச்சொல்லுக்குப் பின் நின்றால் தொன்மையைக் குறிக்கும். முன் நின்றால் பெரும்பாலும் 'முன்னாள்' என்னும் பொருளைத் தரும். முன்னாள் அமைச்சர், முன்னாள் மாணவர் என நாம் வழங்குவது போன்றது இது. ஆகவே இத்தொடர் ஓர் அமைப்பின் வயதைக் கூறவில்லை. அது முடிந்துவிட்டது என்பதையே கூறுகிறது.

இரண்டாம் சொல்லாகிய 'ரெஜீம்' என்பது ஆளுதல், நெறிப்படுத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. அரசாட்சியை மட்டுமன்றி, நோயாளி மேற்கொள்ளும் உணவு ஒழுங்கையும் பிரெஞ்சு மொழி இச்சொல்லால் வழங்கும். நம் வழக்கில் அது பத்தியம். இதனை 'ஆட்சி' என்று மட்டும் பெயர்த்தால் மன்னரும் அமைச்சரும் கண்முன் நிற்பர், மக்கள் மறைந்துவிடுவர். ஆனால் இத்தொடரோ நிலம், வரி, நீதிமன்றம், தொழில், திருச்சபை முதலாக அடுக்களையில் இருந்த உப்பு ஈறாக அனைத்தையும் தழுவியது.

மூவகை மக்கள்

இடைக்கால ஐரோப்பாவில் சமுதாயத்தை வழிபடுவோர், போரிடுவோர், உழைப்போர் என மூன்றாகப் பகுத்துக் காணும் கருத்து வேரூன்றியிருந்தது. பிரான்சில் அதுவே மதகுருமார், பிரபுக்கள், மூன்றாம் வகுப்பினர் என்னும் சட்ட வகுப்புகளாக அமைந்தது. 1789இல் அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 2 கோடியே 80 லட்சம். முதலிரு வகுப்பினரையும் கூட்டினாலும் நூற்றுக்கு இருவர் தேறார். எஞ்சிய அனைவரும் மூன்றாம் வகுப்பினரே.

இவ்வெண்ணிக்கையைக் கண்டு, சிலர் பலரை ஒடுக்கிய எளிய கதை இது என்று முடிவு செய்துவிடலாகாது. முதல் வகுப்பிலேயே மேடும் பள்ளமும் இருந்தன. ஆயர்கள் ஏறக்குறைய அனைவரும் பிரபுக்குடியிற் பிறந்தோர். சிற்றூர்ப் பாதிரியாரோ பெரும்பாலும் எளிய வாழ்வினர். பிரபுக்களிலும் அரசவையில் செல்வாக்குடன் திகழ்ந்தோர் சிலரே. நாட்டுப்புறத்தில் இடிந்த மாளிகையில் வறுமையை மறைத்து வாழ்ந்தோரும் இருந்தனர். மூன்றாம் வகுப்பிலோ பெருவணிகரும் வழக்கறிஞரும் இருந்தனர். காணி நிலமும் இல்லாத கூலியாளும் இருந்தார். செல்வம் ஒரு வரிசையிலும் சட்டம் வேறொரு வரிசையிலும் மக்களை நிறுத்தின. இம்முரண்பாடே பின்னாளில் பெருஞ்சினமாக வளர்ந்தது.

தனிச்சட்டம் என்னும் உயிர்நாடி

இவ்வமைப்பின் உயிர்நாடி யாது? 'பிரிவிலேஜ்' என்னும் சொல்லிலேயே அது அடங்கியுள்ளது. இதனை நாம் 'சலுகை' என்று பெயர்க்கிறோம். தனி, சட்டம் என்னும் பொருளுடைய இரு இலத்தீன் சொற்களின் கூட்டே அது. ஒருவர்க்கோ ஒரு குழுவிற்கோ மட்டும் உரிய தனிச்சட்டம் என்பது அதன் மூலப்பொருள். சலுகை என்றால் பொதுச்சட்டம் ஒன்று இருக்க, அதிலிருந்து சிலர்க்கு விலக்கு அளிப்பது போலத் தோன்றும். முன்னை அமைப்பிலோ அத்தகைய பொதுச்சட்டம் என்பதே அரிது. தனிச்சட்டங்களின் தொகுப்பே நாட்டின் சட்டமாக விளங்கியது.

சில சான்றுகளைக் காண்போம். அரசின் முதன்மையான நேர்முக வரியிலிருந்து பிரபுக்கள் பெரும்பாலும் விலக்குப் பெற்றிருந்தனர். திருச்சபை வரிக்கு மாறாகத் தானே தீர்மானித்த ஒரு தொகையை 'விருப்பக் கொடை' என்னும் பெயரால் மன்னர்க்கு வழங்கியது. அத்திருச்சபையே உழவரிடமிருந்து விளைச்சலில் ஒரு பங்கைப் பெற்றது. சாலை அமைக்கும் பணிக்கு உழவர் ஊதியமின்றி உழைக்க வேண்டியிருந்தது. அதனைக் 'கொர்வே' என்றனர். நம் கல்வெட்டுகளில் பயிலும் 'வெட்டி' என்னும் சொல் இதற்குப் பொருந்தும். வரியற்ற நிலத்திற்கு 'இறையிலி' என்னும் சொல் பொருந்தும். சொல் பொருந்துவதால் இரு நாட்டு வரலாறும் ஒன்றாகிவிடா என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

'கபேல்' எனப்பட்ட உப்பு வரி இன்னும் தெளிவான சான்று. நாடு முழுவதும் ஒரே மன்னர் ஆண்டார். ஆயினும் உப்பின் விலை பகுதிக்குப் பகுதி பன்மடங்கு வேறுபட்டது. பிரித்தானி என்னும் மேற்குக் கடற்கரை மாநிலம் இவ்வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தது. அதனை அடுத்திருந்த பகுதிகளிலோ வரி மிகக் கடுமை; குறிப்பிட்ட அளவு உப்பைக் கட்டாயமாக வாங்க வேண்டும் என்னும் விதியும் அங்கு இருந்தது. எல்லையில் உப்புக் கடத்தல் பெருகியது. ஒருபுறம் மலிவாகக் கிடைத்த உப்பை மறுபுறம் கொண்டுசெல்வது தண்டனைக்குரிய குற்றமாயிற்று.

பதவிகளும் விலைப்பொருளாயின. நீதிபதியின் இருக்கையை வாங்கலாம், விற்கலாம், மரபுரிமையாகவும் பெறலாம். 1604ஆம் ஆண்டு முதல், ஆண்டுதோறும் ஒரு கட்டணம் செலுத்தினால் பதவியைத் தம் வழியினர்க்கு உரிமையாக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. 'சட்டங்களின் உள்ளம்' என்னும் பொருள்படும் பெருநூலை 1748இல் வெளியிட்ட மாந்தெஸ்க்யூ, போர்தோ நகரின் உயர் நீதிமன்றப் பதவியைத் தம் பெரியதந்தையிடமிருந்து 1716இல் உரிமையாகப் பெற்றவர். 1726இல் அதனை விற்றவர். அது அக்காலத்தில் இழுக்காகக் கருதப்படவில்லை. எவ்வளவு கூர்ந்த அறிவினரும் தம் காலத்து முறைமையைக் காற்றைப் போல் இயல்பாகவே நுகர்கின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

ஒவ்வொருவரும் ஒரு காவலர்

இத்தகைய அமைப்பைத் திருத்த எவரும் முயலவில்லையா எனின், முயன்றனர், தோற்றனர். தோல்விக்குரிய காரணமே இக்கட்டுரையின் மையக்கருத்து.

நிதிப்பொறுப்பை ஏற்ற தூர்கோ 1776இல், சாலைப் பணிக்கான ஊதியமில்லா உழைப்பை நீக்கி, அதற்கு ஈடாக நில உரிமையாளர்மீது வரி விதிக்கும் ஆணையைக் கொண்டுவந்தார். கைத்தொழில்களைத் தம் பிடிக்குள் வைத்திருந்த தொழிற்குழுக்களையும் கலைத்தார். பாரிசு உயர் நீதிமன்றம் இவற்றை எதிர்த்தது. குடிமக்களிடையே உள்ள வரிசை வேறுபாட்டை அழித்தால் நாட்டின் ஒழுங்கே குலையும் என்பது அதன் வாதம். மன்னர் நேரில் அமர்ந்து ஆணைகளைப் பதிவு செய்வித்தார். ஆயினும் அவ்வாண்டு மே மாதமே தூர்கோ பதவி நீக்கப்பட்டார். ஆண்டு முடிவதற்குள் தொழிற்குழுக்கள் மீண்டும் உயிர்பெற்றன.

1787இல் கலோன் என்னும் அமைச்சர் எல்லா நிலத்திற்கும் பொதுவான வரி ஒன்றை முன்மொழிந்து, நாட்டின் உயர்ந்தோர் அவையைக் கூட்டினார். அவையினர் அதற்கு இசையவில்லை. அவரும் பதவி இழந்தார். அதற்குள் அரசின் கடன் தாங்கவொண்ணாததாகிவிட்டது. 1788இல் அரசின் செலவில் ஏறத்தாழப் பாதி, கடனுக்கும் அதன் வட்டிக்குமே சென்றது.

இங்கு ஒன்றை ஆழ்ந்து நோக்க வேண்டும். தனிச்சட்டம் பிரபுவுக்கு மட்டும் உரியதாக இருந்திருப்பின் அதனை நீக்குதல் எளிதாக இருந்திருக்கும். பிரபுவுக்கு வரிவிலக்கு, நகரத்தார்க்கு நகர உரிமை, மாநிலத்தார்க்கு உப்பு விலக்கு, நீதிபதிக்கு விலைகொடுத்த இருக்கை, கைவினை வல்லுநர்க்குத் தம் தொழிலில் பிறர் நுழையாத காப்பு. ஏணியின் ஒவ்வொரு படியில் நின்றவர்க்கும், அடுத்த கீழ்ப்படியினர்க்கு இல்லாத ஒன்று இருந்தது. அதனால் மேற்படியின்மீது சினங்கொண்டவரும் தம் படியைப் பற்றிக்கொண்டனர். பிறர் சலுகை அநீதியாகத் தோன்றியது; தம் சலுகை உரிமையாகத் தோன்றியது. இவ்வாறு அவ்வமைப்பிற்கு அதில் வாழ்ந்தோர் பலரும் காவலராயினர். அது நெடுங்காலம் நின்றமைக்கு மன்னரின் படைவலியைவிட இதுவே பெருங்காரணம் எனலாம்.

நம் நாட்டார் கண்ட முன்னை அமைப்பு

இவ்வமைப்பை நம் நாட்டார் சிலரும் அணுகிக் கண்டுள்ளனர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் தாம் மறையும் காலம் வரை நாட்குறிப்பு எழுதினார். பல்லக்கு, பீரங்கி முழக்கம், பரிசில் ஆகிய சிறப்புகள் எவர்க்கு எவ்வளவு உரியன என்பது எத்துணைப் பெரிய செய்தியாக இருந்தது என்பதை அக்குறிப்புகள் காட்டுகின்றன. அவர் பணியாற்றிய கம்பெனியே ஒரு தனிச்சட்டத்தின் குழந்தைதான். கீழைநாட்டு வாணிகத்தில் பிறர் நுழையாத தனியுரிமையை 1664இல் மன்னரிடமிருந்து பெற்று எழுந்த அக்கம்பெனி, 1769இல் அவ்வுரிமையை இழந்தது.

இரண்டாவது செய்தி மைசூர் மன்னர் திப்பு சுல்தானைப் பற்றியது. ஆங்கிலேயர்க்கு எதிராகப் பிரெஞ்சுப் படையுதவி நாடி அவர் அனுப்பிய மூன்று தூதுவர்கள் 1787இல் புதுச்சேரியில் கப்பலேறி, அடுத்த ஆண்டு பிரான்சை அடைந்தனர். 1788 ஆகஸ்டு 10ஆம் நாள் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி மன்னர் அவர்களுக்குக் காட்சியளித்தார். அவ்வரண்மனையில் நிற்பதற்கும் அமர்வதற்கும் வரிசை உண்டு. அரசியின் முன்னிலையில் சாய்மானமற்ற சிறு இருக்கையில் அமர்வதுகூட டியூக் பட்டமுடையாரின் மனைவியர் முதலிய சிலர்க்கே உரிய தனியுரிமை. அவ்வளவு சிறப்புடன் திகழ்ந்த அவையைத் தூதுவர் கண்டனர். ஆனால் நாடிய படையுதவி கிட்டவில்லை.

அந்நாட்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வியப்பு மேலிடும். காட்சிக்கு இரண்டு நாள் முன்னர், ஆகஸ்டு 8ஆம் நாள், 1614க்குப் பின் கூடாதிருந்த மூவகுப்பார் பேரவையாகிய ஸ்டேட்ஸ் ஜெனரலை மறு ஆண்டு கூட்டுவதாக அரசு அறிவித்திருந்தது. காட்சிக்கு ஆறு நாள் பின்னர், ஆகஸ்டு 16ஆம் நாள், கருவூலம் தான் தரவேண்டிய தொகைகளில் ஒரு பகுதியைப் பணமாகத் தர இயலாது என்று கைவிரித்தது. தூதுவர் கண்ட வெர்சாயில் பொலிவு குறையவில்லை, உள்ளீடுதான் தீர்ந்திருந்தது.

ஓர் இரவும் நான்கு ஆண்டுகளும்

1789 மே 5ஆம் நாள் பேரவை கூடியது. ஜூன் திங்களில் மூன்றாம் வகுப்பினர் தம்மைத் தேசிய சட்டமன்றம் என அறிவித்தனர். ஜூலை 14இல் பாஸ்டில் கோட்டை வீழ்ந்தது. நாட்டுப்புறத்தில் உழவர் கிளர்ந்தெழுந்து, பிரபுக்களின் நில உரிமை ஆவணங்களைத் தீயிலிட்டனர். இந்நிலையில் ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு, முன்பு எவரும் எண்ணிப் பார்த்திராத ஒன்று சட்டமன்றத்தில் நிகழ்ந்தது. நுவாய் கோமகன் எழுந்து நிலவுடைமை உரிமைகளைக் கைவிடுமாறு முன்மொழிந்தார். அவரைத் தொடர்ந்து பிரபுக்களும் குருமாரும் நகரங்களின், மாநிலங்களின் பேராளரும் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் தனியுரிமைகளைத் துறந்தனர்.

தனித்தனியே கேட்டபோது தரப்படாதவை, அனைவரும் ஒருங்கே துறந்தபோது ஒரே இரவில் கைவிடப்பட்டன. அச்சமும் அதற்குக் காரணம், பெருந்தன்மையும் காரணம். தம் அண்டையார் தம் உரிமையை விட்டார் என்று கண்ட பின்னரே தம் உரிமையை விடும் துணிவு பலர்க்கு வந்தது.

எனினும் பொழுது விடிந்ததும் கணக்குத் தொடங்கிற்று. ஆகஸ்டு 11இல் நிறைவேறிய ஆணை நிலப்பிரபுத்துவத்தை முற்றிலும் ஒழிப்பதாக முழங்கியது. ஆனால் நிலத்தின்மீது பெற்றுவந்த பல பாக்கிகளை உழவர் விலைகொடுத்தே மீட்டுக்கொள்ள வேண்டும் என்றும் விதித்தது. அவ்வாறு விலைகொடுக்கும் வலிமை உழவர் பலர்க்கு இல்லை. ஈடின்றி அனைத்தும் நீங்க 1793 ஜூலை 17 வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. துறவு ஓரிரவில் நிகழ்ந்தது. துறந்ததைக் கைவிட்டுப் போகச்செய்ய நான்கு ஆண்டுகள் ஆயின.

எஞ்சி நின்றவை

1789 ஆகஸ்டு 26இல் மனித உரிமை அறிக்கை வெளிவந்தது. மனிதர் பிறப்பால் சமம் என்பது சட்டமாயிற்று. 1790இல் பழைய மாநிலங்கள் கலைக்கப்பட்டு நாடு 83 மாவட்டங்களாகப் பகுக்கப்பட்டது. 1795இல் ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவைகளுக்கு மாற்றாக மெட்ரிக் அளவை சட்டமாயிற்று. இவை அரிய பேறுகள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சமத்துவம் அனைவரையும் ஒருங்கே சென்று அடையவில்லை. குறிப்பிட்ட வரி செலுத்த இயலாத ஆண்களுக்கு முதலில் வாக்குரிமை மறுக்கப்பட்டது. அடிமை முறை 1794இல் ஒழிக்கப்பட்டு, 1802இல் நெப்போலியனால் மீட்கப்பட்டு, 1848இல்தான் முற்றாக நீங்கியது. பெண்களுக்கும் உரிமை வேண்டும் என 1791இல் அறிக்கை எழுதிய ஒலாம்ப் தெ கூழ் 1793இல் கொலைக்கருவிக்கு இரையானார். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். 1790இல் ஒழிந்த உப்பு வரியும் 1806இல் மீண்டும் தலைகாட்டியது.

இவ்வுண்மையை ஆழ்ந்து ஆராய்ந்தவர் தொக்வில் என்னும் அறிஞர். 1805இல் பிரபுக்குடியிற் பிறந்தவர். அவருடைய தாய்வழிக் கொள்ளுப்பாட்டனார் புரட்சியின்போது கொல்லப்பட்டார். அவ்வமைப்பைப் புகழவோ புரட்சியைத் தூற்றவோ அவருக்குக் காரணம் உண்டு. அவரோ தூர் நகரின் ஆவணக் காப்பகத்தில் அமர்ந்து பழைய அலுவலரின் தாள்களைப் படித்தார். 1856இல் 'முன்னை முறைமையும் புரட்சியும்' என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். அனைத்தையும் தலைநகரிலிருந்தே நடத்தும் அரசு புரட்சியின் புதுப்படைப்பு என்று பலரும் எண்ணியிருந்தனர். அது மன்னர் காலத்திலேயே வேரூன்றியது என்று அவர் நிறுவினார். தீய அரசுக்கு மிக இடர்மிக்க வேளை அது தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கும் வேளையே என்பதும் அவருடைய முடிபு. நீங்கிவிட்டோம் என்று எண்ணியவர்கள், நீங்கிய வீட்டின் பழக்கங்களைப் புதுவீட்டிற்கும் எடுத்துச் சென்றிருந்தனர் என்பது அவர்தம் ஆராய்ச்சியின் சாரம்.

நிறைவுரை

இனி, இத்தொடரைத் தமிழில் எவ்வாறு பெயர்ப்பது? 'பழைய' என்பதினும் 'முன்னை' என்பதே மூலத்திற்கு நெருங்கியது. பழமையெல்லாம் தீது என்னும் பொருள்மயக்கமும் இதனால் நீங்கும். 'ஆட்சி' என்பதினும் 'முறைமை' பொருந்தும். தமிழில் முறை என்னும் சொல் நீதியையும் குறிக்கும், வரிசையையும் குறிக்கும், 'அவர் உமக்கு என்ன முறை?' என்று கேட்கும்போது உறவையும் குறிக்கும். ஒருவர் யார்க்கு என்ன முறையாகிறார், எவ்வரிசையில் நிற்கிறார் என்பதைக் கொண்டே அவர்க்குரிய நீதி தீர்மானிக்கப்பட்ட ஓர் அமைப்பிற்கு இதனினும் ஏற்ற சொல் நமக்குத் தோன்றவில்லை. எனவே 'முன்னை முறைமை' என்னும் ஆக்கத்தை அறிஞர் பார்வைக்கு வைக்கிறோம்.

வினாவெழுப்பிய மாணவர்க்கும் விடை இதுவே. அதனை விட்டு நீங்கியோர் வைத்த பெயர் அது. நீங்கி முடிக்கும் முன்னரே பெயரை வைத்துவிட்டனர். அதனால் பெயரில் முடிந்துபோனது வாழ்வில் முடியக் காலம் பல ஆயிற்று.

இக்கட்டுரையை எழுதும் வேளையில் நமக்குள் ஒரு கூச்சமும் எழுந்தது. ஆசிரியர் அறையில் பணிமூப்பின்படி நமக்கு வாய்த்துள்ள சாளரத்தோர நாற்காலியில் இளைய ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருக்கக் கண்டால், நம் முகம் சற்றே மாறுவதை நாம் அறிவோம். அது சிறிய செய்திதான். ஆயினும் தம் படியை விடாது பற்றிய அந்நாளைய மாந்தரை நமக்கு விளக்கியது அந்நாற்காலியே. மாணவர்களும் பெரியோர்களும் தத்தம் வீட்டிலும் தொழிலிலும் ஊரிலும் இத்தகைய நாற்காலி ஏதும் உண்டா என எண்ணிப் பார்ப்பாராயின், பிரெஞ்சு நாட்டு வரலாற்றைப் படித்த பயன் கைகூடும்.